குறிஞ்சிப்பாடியின் வாக்குக்கு டெல்லியில் என்ன எடை?

தொகுதி மறுவரையறை என்ற ஒரே பெயரின் கீழ் இரு வேறு வேலைகள் நடக்கின்றன. ஒரு மாநிலத்துக்குள் தொகுதிகளின் எல்லைகளை மாற்றி, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஒரே அளவு மக்கள் இருக்கும்படி பிரித்தமைப்பது முதல் வேலை. மக்களவையின் மொத்த இடங்களில் எந்த மாநிலத்துக்கு எத்தனை என்று பங்கிடுவது இரண்டாவது வேலை. எல்லையை மாற்றினால் ஒரு மாநிலத்தின் மொத்த பலம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. பங்கை மாற்றினால் நாடாளுமன்றத்தில் அந்த மாநிலத்தின் இடமே மாறிவிடும். தமிழ்நாட்டை இன்று கவலைகொள்ள வைத்திருப்பது இரண்டாவது வேலைதான் என்றாலும், விவாதத்தில் இரண்டும் ஒன்றாகக் குழைக்கப்படுவதால், முதலில் இவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கடலூர் மாவட்டத்தின் குறிஞ்சிப்பாடி முதல் வேலையின் விளைவை நேரில் கண்ட ஊர். கைத்தறி நெசவும் முந்திரியும் நெல்லும் பிழைப்பாக அமைந்த இந்த வட்டாரம், 2004 மக்களவைத் தேர்தல் வரை சிதம்பரம் தனித்தொகுதியில், அதாவது பட்டியல் சாதியினருக்கென ஒதுக்கப்பட்ட தொகுதியில், வாக்களித்து வந்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மறுவரையறை ஆணையத்தின் 2008-ஆம் ஆண்டு ஆணை, குறிஞ்சிப்பாடியைக் கடலூர் பொதுத்தொகுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதே ஆணையால் மங்களூர், நெல்லிக்குப்பம் என்ற இரு சட்டமன்றத் தொகுதிகள் மறைந்தன. திட்டக்குடியும் நெய்வேலியும் புதிய தொகுதிகளாகப் பிறந்தன. பழுப்பு நிலக்கரி நகரமான நெய்வேலி, தன் பெயரிலேயே ஒரு சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது 2011 தேர்தலில்தான். இத்தனை மாற்றம் நடந்தும் மாவட்டத்தின் சட்டமன்றத் தொகுதிகள் முன்பு ஒன்பது, பின்பும் ஒன்பது. மாநிலத்துக்கு முன்பும் பின்பும் 234 சட்டமன்ற இடங்கள், 39 மக்களவை இடங்கள். 2001 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள் 6.24 கோடிப் பேர். அதை 39-ஆல் வகுத்தால் மக்களவைத் தொகுதி ஒன்றுக்குச் சராசரியாக 16 லட்சம் பேர் வருவார்கள், 234-ஆல் வகுத்தால் சட்டமன்றத் தொகுதி ஒன்றுக்கு 2.67 லட்சம் பேர் வருவார்கள். திட்டக்குடி, விருத்தாசலம், நெய்வேலி, பண்ருட்டி, கடலூர், குறிஞ்சிப்பாடி என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்து கடலூர் மக்களவைத் தொகுதி ஆனதன் பின்னணியில் இருப்பது இந்த எளிய வகுத்தல் கணக்கு.

இரண்டாவது வேலைக்கான விதி அரசமைப்புச் சட்டத்தின் 81-ஆவது பிரிவில் இருக்கிறது. ஒரு மாநிலத்தின் மக்கள்தொகைக்கும் அதற்கு ஒதுக்கப்படும் மக்களவை இடங்களுக்கும் உள்ள விகிதம், இயன்ற அளவுக்கு எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 82-ஆவது பிரிவு, ஒவ்வொரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின்னும் இந்தப் பங்கீட்டைச் சரிசெய்யச் சொல்கிறது. எந்தக் குடிமகனின் வாக்கும் இன்னொருவரின் வாக்கைவிட உயர்ந்ததன்று என்ற சமத்துவக் கருத்தின் மேல் எழுந்த விதி இது. அந்தக் கருத்தைக் குறைசொல்ல இடமில்லை. ஆயினும் பின்னர் அதற்கு விதிவிலக்கும் ஏற்கப்பட்டது. 60 லட்சத்துக்கு மிகாத மக்கள்தொகை கொண்ட சிறு மாநிலங்களுக்கு இந்த விகிதம் பொருந்தாது என்று 1973-இன் 31-ஆவது திருத்தம் சேர்த்த வாசகம் இன்றும் நடப்பில் இருக்கிறது. சிக்கிமும் மிசோரமும் நாகாலாந்தும் ஆளுக்கொரு மக்களவை உறுப்பினரை அனுப்புவது தலைக்கணக்கால் கிடைத்த உரிமையன்று. ஒன்றியத்தில் ஒரு மாநிலம் என்ற தகுதியால் கிடைத்த உரிமை. மக்கள்தொகை மட்டுமே அளவுகோல் என்ற வாதம் அரசமைப்புச் சட்டத்தின் எழுத்திலேயே முழுமையாக நிற்கவில்லை என்பதை இதிலிருந்து அறியலாம்.

தமிழ்நாடு இந்த விதியால் ஏற்கெனவே ஒருமுறை இழந்திருக்கிறது. மொழிவழி மாநிலப் பிரிவினைக்குப் பின் 1957-இலும் 1962-இலும் சென்னை மாநிலத்துக்கு 41 மக்களவை இடங்கள் இருந்தன. 1961 கணக்கெடுப்பை ஒட்டி நடந்த மறுபங்கீட்டில் அவை 39 ஆகி, 1967 தேர்தல் முதல் இன்றுவரை அப்படியே நிற்கின்றன. 1951-க்கும் 1961-க்கும் இடையில் மாநிலத்தின் மக்கள்தொகை 11.85 சதவீதம் மட்டுமே வளர்ந்திருக்க, நாடு 21 சதவீதத்துக்கும் மேல் வளர்ந்ததே இதற்குக் காரணம். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் கிருபாகரன், புகழேந்தி அடங்கிய அமர்வு, இழந்த அந்த இரண்டு இடங்களுக்காகத் தமிழ்நாட்டுக்கு இழப்பீடு தரக்கூடாதா என்று கேட்டபோது, மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்கான தண்டனையாக அந்த இழப்பைப் பார்த்தது. கேள்வியின் நியாயம் உள்ளத்தைத் தொடுவதுதான். ஆனால் 1951-61 பத்தாண்டில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடக்க நிலையில்தான் இருந்தது. 1951 கணக்கெடுப்பை நாடு முழுவதும் நடத்திய ஆணையர் ஆர்.ஏ. கோபாலசுவாமி பின்னர் சென்னை மாநிலத் தலைமைச் செயலராக வந்து கருத்தடை அறுவைத் திட்டத்தை முன்னெடுத்தது 1950-களின் பிற்பகுதியில். அதன் பலன் தெரிய மேலும் காலம் பிடித்தது. ஆகவே 1967-இன் இழப்பைக் குடும்பக் கட்டுப்பாட்டின் விளைவாக மட்டும் விளக்கிவிட முடியாது. பிறப்பு விகிதம் ஏறவும் இறங்கவும் அரசின் கொள்கையைத் தவிர வேறு பல காரணங்களும் உண்டு என்பதையும், அவற்றுக்கெல்லாம் ஒரு மாநிலத்தின் அரசியல் குரல் பிணையாக வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் இந்த நிகழ்வு காட்டுகிறது.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், 42-ஆவது திருத்தம் இந்தப் பங்கீட்டை 1971 கணக்கெடுப்பின் எண்களோடு நிறுத்திவைத்தது. மக்கள்தொகைக் கட்டுப்பாட்டில் முனையும் மாநிலங்கள் தயங்கக்கூடாது என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். 2000-க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரை என்றிருந்த காலவரம்பை, வாஜ்பாய் ஆட்சியில் நிறைவேறிய 84-ஆவது திருத்தம், 2026-க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. மாநிலத்துக்குள் எல்லைகளை மாற்ற மட்டும் 2001 எண்களைப் பயன்படுத்தலாம் என்று 2003-இன் 87-ஆவது திருத்தம் அனுமதித்தது. குறிஞ்சிப்பாடி சிதம்பரத்தை விட்டுக் கடலூருக்கு வந்தது அதன் வழியே.

1971 எண்கள் இன்னும் உயிரோடு இயங்குவதைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் தெளிவாகப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் 1971 மக்கள்தொகை 4,11,99,168. அதை 234-ஆல் வகுத்து, வரும் ஈவை மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால் கிடைக்கும் 176 என்பதே, குறிஞ்சிப்பாடியின் சட்டமன்ற உறுப்பினர் அந்தத் தேர்தலில் இடும் ஒரு வாக்கின் மதிப்பு. உத்தரப் பிரதேசச் சட்டமன்ற உறுப்பினரின் வாக்குக்கு அதே முறையில் 208 வருகிறது. அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஓர் எண்ணின் மேல் இன்றும் நாட்டின் தலைமைப் பதவி தீர்மானிக்கப்படுகிறது.

இந்த அரை நூற்றாண்டில் என்ன நடந்தது என்பதை இரண்டு மாநிலங்களை அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. 1971-இல் பிரிக்கப்படாத மத்தியப் பிரதேசத்தின் மக்கள் 4.17 கோடி, தமிழ்நாட்டின் மக்கள் 4.12 கோடி. அதற்குக் கிடைத்தவை 40 இடங்கள், இதற்கு 39. ஏறக்குறைய இரட்டையர் போன்ற இரு மாநிலங்கள். 2000-இல் அந்த மாநிலத்திலிருந்து சத்தீஸ்கர் 11 இடங்களோடு பிரிந்து போனது. 29 இடங்களோடு எஞ்சிய மத்தியப் பிரதேசம் மட்டுமே 2011-இல் 7.26 கோடியைத் தொட்டு, 7.21 கோடிப் பேர் கொண்ட தமிழ்நாட்டைத் தாண்டிவிட்டது. சத்தீஸ்கரையும் சேர்த்துக்கொண்டால் அங்கே 9.8 கோடி. அதாவது, ஒரே இடத்தில் தொடங்கிய இரு மாநிலங்களில் ஒன்று 40 ஆண்டுகளில் மற்றதைவிட இரண்டரைக் கோடி மக்களை அதிகமாகச் சேர்த்துக்கொண்டது.

இங்கேதான் எதிர்த்தரப்பின் நியாயத்தை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். 1971 எண்களின்படி தமிழ்நாட்டில் ஒரு மக்களவை உறுப்பினர் 10.56 லட்சம் பேருக்கும், இன்றைய எல்லைகளுக்குள் வரும் உத்தரப் பிரதேசத்தில் 10.48 லட்சம் பேருக்கும், ராஜஸ்தானில் 10.3 லட்சம் பேருக்கும் பிரதிநிதியாக இருந்தார். வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. 2011-இல் அந்த எண்கள் தமிழ்நாட்டில் 18.5 லட்சம், உத்தரப் பிரதேசத்தில் 25 லட்சம், பிகாரில் 26 லட்சம், ராஜஸ்தானில் 27.4 லட்சம், கேரளத்தில் 16.7 லட்சம் என்றாகிவிட்டன. பாட்னாவில் வாழும் ஒரு பெண்ணின் வாக்கு குறிஞ்சிப்பாடிப் பெண்ணின் வாக்கைவிடக் குறைந்த எடை கொண்டிருக்க அவர் செய்த பிழை என்ன என்ற கேள்விக்கு, உங்கள் மாநிலம் அதிகம் பிள்ளைகளைப் பெற்றது என்பது பதிலாகாது. பிரதிநிதித்துவம் மனிதர்களுக்கு உரியது. அது அரசுகளின் கொள்கைக்குத் தரப்படும் பரிசும் அன்று, தண்டனையும் அன்று. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்தோம், ஆகவே இடங்களைக் குறைக்காதீர் என்று தமிழ்நாட்டு மேடைகளில் ஒலிக்கும் வாதம் எத்தனை உணர்வுபூர்வமானதாக இருந்தாலும், அது தமிழ்நாட்டின் வலுவான வாதம் அன்று. பிகாரின் பிறப்பு விகிதமும் குறைந்துகொண்டே வருகிறது; நாளை அது தமிழ்நாட்டின் அளவுக்கு இறங்கிவிட்டால், பரிசு என்ற வாதத்துக்கு அடித்தளமே இராது.

வலுவான வாதம் வேறொன்று. அதைப் புரிந்துகொள்ள நெய்வேலியைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை.

நெய்வேலியில் பூமிக்கடியில் கிடக்கும் பழுப்பு நிலக்கரி, அதைத் தோண்டும் நிறுவனம், அது தரும் மின்சாரம், அதற்காக நிலம் கொடுத்த குடும்பங்களின் கதி ஆகிய எதையும் கடைசியாகத் தீர்மானிக்கும் அதிகாரம் சென்னையில் இல்லை. 1956-இல் தொடங்கப்பட்டு, 1957-இல் பிரதமர் நேருவால் சுரங்கப் பணி தொடங்கிவைக்கப்பட்ட நிறுவனம் மத்திய அரசுக்குச் சொந்தமான பொதுத்துறை நிறுவனம். நிலக்கரி அமைச்சகத்தின் கீழ் இயங்குவது. நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கனிமங்கள் மாநிலப் பட்டியலில் 23-ஆவது இனமாக இடம்பெற்றிருந்தாலும், மத்தியப் பட்டியலின் 54-ஆவது இனத்துக்கு உட்பட்டே அந்த அதிகாரம் நிற்பதாகச் சொல்லப்பட்டிருப்பதால், தன் மண்ணில் எடுக்கப்படும் கனிமத்துக்கான உரிமத்தொகை எவ்வளவு என்பதைக்கூட மாநிலம் நிர்ணயிக்க முடியாது. அதையும் 1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தின் கீழ் மத்திய அரசே நிர்ணயிக்கிறது.

இத்தகைய ஓர் ஊர் தனக்காகப் பேச இருக்கும் வழி நாடாளுமன்றத்தில் உள்ள எண்ணிக்கை மட்டுமே. அந்த எண்ணிக்கை என்ன செய்யும் என்பது 2006-இல் தெரிந்தது. நெய்வேலி நிறுவனத்தின் பங்குகளில் 10 சதவீதத்தை விற்க மத்திய அமைச்சரவை முடிவெடுத்தபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 16 மக்களவை உறுப்பினர்களோடு கூட்டணி ஆட்சியைத் தாங்கி நின்ற திமுக, விற்பனையைக் கைவிடாவிட்டால் ஆட்சியிலிருந்து விலகுவோம் என்று எச்சரித்தது. அவ்வாண்டு ஜூலையில் பிரதமர் மன்மோகன் சிங், நெய்வேலியோடு நில்லாமல், அப்போது பரிசீலனையில் இருந்த எல்லாப் பொதுத்துறைப் பங்கு விற்பனைகளையும் நிறுத்திவைத்தார். 2013-இல், பட்டியலிடப்பட்ட பொதுத்துறை நிறுவனங்களின் பங்குகளில் குறைந்தது 10 சதவீதம் பிறர் கையில் இருக்க வேண்டும் என்ற பங்குச் சந்தை விதியைக் காட்டி மீண்டும் விற்பனை வந்தது. மத்திய அரசு விற்றே ஆக வேண்டியிருந்த 3.56 சதவீதத்தைத் தனியாருக்குப் போகவிடாமல், தமிழ்நாடு அரசின் ஐந்து நிறுவனங்களே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா முன்வைத்து வென்றார். 2023 மார்ச் இறுதியில் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய பகுதிகள் புதிய பழுப்பு நிலக்கரி ஏலப் பட்டியலில் இடம்பெற்று, காவிரி டெல்டா முழுவதும் எதிர்ப்பு எழுந்த சில நாள்களில் அவை நீக்கப்பட்டன.

இம்மூன்றும் ஒரே வகை வெற்றிகள் அல்ல. 2006-இல் வேலைசெய்தது கூட்டணி ஆட்சிக்கு இன்றியமையாத எண்ணிக்கை. 2013-இல் மாநில அரசின் பேரம். 2023-இல் பொதுமக்களின் எதிர்ப்பும் தேர்தல் கணக்கும். ஒரு கட்சிக்கு அறுதிப் பெரும்பான்மை கிடைக்கும் மக்களவையில் 39 என்பதுகூடச் சிறிய எண்ணாகிவிடும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் 39-க்கே இவ்வளவு போராட வேண்டியிருக்கிறது என்றால், அதன் பங்கு சுருங்கும்போது நெய்வேலியின் அடுத்த பங்கு விற்பனையோ அடுத்த சுரங்க விரிவாக்கமோ எந்த எடையோடு எதிர்கொள்ளப்படும் என்பதே கேள்வி. தமிழ்நாட்டின் வலுவான வாதம் இதுதான்: மாநிலங்களின் நிலத்தையும் கனிமத்தையும் வரியையும் கல்வியையும் பாதிக்கும் முடிவுகள் டெல்லியில் குவிந்துகிடக்கும் ஓர் ஒன்றியத்தில், அந்த முடிவுகளின்மேல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இருக்கும் பிடியைத் தலைக்கணக்குக்கு மட்டும் விட்டுவிட முடியாது.

ஓர் இடத்தைக்கூடத் தென்மாநிலங்கள் இழக்கமாட்டா என்று 2025 பிப்ரவரியில் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா கோயம்புத்தூரில் உறுதி கூறினார். இந்த உறுதி பொய்யாக வேண்டியதில்லை, ஆயினும் போதாது. 2011 மக்கள்தொகைப்படி இன்றைய 543 இடங்களைப் பங்கிட்டால் தமிழ்நாட்டுக்கு ஏறத்தாழ 32, கேரளத்துக்கு 15, பிகாருக்கு 47, உத்தரப் பிரதேசத்துக்கு 90 வரும். அவ்வாறாயின், தமிழ்நாட்டின் சட்டமன்றத் தொகுதிகள் 234 ஆகவே நீடிக்கும் நிலையில், கடலூர் மக்களவைத் தொகுதி இன்றைய ஆறோடு நில்லாமல் அருகிலுள்ள ஏழாவது சட்டமன்றத் தொகுதியையும் விழுங்க வேண்டியிருக்கும். அவையைப் பெரிதாக்கினால் இந்த நேரடி இழப்பைத் தவிர்க்கலாம். எந்த மாநிலமும் தன் இன்றைய எண்ணிக்கையை இழக்காதிருக்க 2026-க்கான மக்கள்தொகைக் கணிப்பின்படி 848 இடங்கள் தேவை என்று ஆய்வாளர்கள் மிலன் வைஷ்ணவும் ஜேமி ஹின்ட்சனும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. அதில் உத்தரப் பிரதேசத்துக்கு 143, தமிழ்நாட்டுக்கு 49, கேரளத்துக்கு அதே 20. தமிழ்நாடு பத்து இடங்களைக் கூடுதலாகப் பெற்றுக்கொண்டே, 543-இல் 39 என்ற 7.18 சதவீதத்திலிருந்து, 848-இல் 49 என்ற 5.8 சதவீதத்துக்கு இறங்கும். இன்றைய பங்கைக் காக்க 848-இல் 61 இடங்கள் வேண்டும். வாக்கெடுப்பில் கைகளை எண்ணும்போது கணக்கில் வருவது மொத்தத்தில் ஒரு மாநிலத்தின் பங்கு மட்டுமே. உறுப்பினர்களின் எண்ணிக்கை கூடிற்று என்ற ஆறுதல் அங்கே செல்லாது. 2025 மார்ச் 5 அன்று சென்னையில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம் இந்த 7.18 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டது சரியான முடிவு.

தலைக்கணக்கால் ஒரு மக்கள் கூட்டத்தின் குரல் எப்படித் தேயும் என்பதற்கு, தமிழர்கள் தொலைவில் போய்த் தேட வேண்டியதில்லை. இலங்கையின் சோல்பரி அரசமைப்பு, 75,000 மக்களுக்கு ஓர் உறுப்பினர் என்ற கணக்கோடு, ஆயிரம் சதுர மைல் நிலப்பரப்புக்கு ஓர் உறுப்பினர் என்பதையும் சேர்த்தது. மக்கள் அடர்த்தி குறைந்த வடக்கு, கிழக்குப் பகுதிகளுக்கு இதனால் ஓரளவு பாதுகாப்பு கிடைக்கும் என்பது எண்ணம். ஆனால் 1948 குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த சட்டங்களும் மலையகத் தமிழர்களின் வாக்குரிமையைப் பறித்தபோது நடந்தது கொடுமையானது. 1947-இல் ஏழு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த மலையகத் தமிழர்களால் 1952-இல் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை. அதே நேரம், தொகுதிகளைப் பங்கிடும்போது அவர்களும் மக்கள்தொகையில் எண்ணப்பட்டதால், தோட்டப் பகுதிகளில் வாழ்ந்த பிறரின் வாக்குகளுக்கு எடை கூடிற்று. எண்ணப்பட்டவர் ஒருவர், பேசியவர் இன்னொருவர். அந்த நாட்டில் இன்று 196 மாவட்ட இடங்களில் மாகாணத்துக்கு நான்கு வீதம் 36 இடங்கள் மக்கள்தொகையைப் பாராமல் சமமாகத் தரப்படுகின்றன. எஞ்சிய 160 இடங்கள் பதிவான வாக்காளர் எண்ணிக்கைப்படி பிரிக்கப்படுகின்றன. போராலும் புலம்பெயர்வாலும் வாக்காளர்கள் குறைந்துபோன யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010-இல் ஒன்பதாக இருந்த இடங்கள் 2015-இல் ஏழாகி, 2024-இல் ஆறாகிவிட்டன. குண்டுக்கும் பட்டினிக்கும் தப்பி ஓடியவர்கள் தம் மண்ணின் குரலையும் தம்மோடு கொண்டுபோய்விட்டதாகக் கருதும் இந்தக் கணக்கை நியாயம் என்று யாரும் ஏற்கமாட்டார்கள்.

கூட்டாட்சி நாடுகள் பல இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கையாண்டிருக்கின்றன. கனடாவில் 2021 கணக்கெடுப்புக்குப் பிறகு கியூபெக் மாகாணம் 78 இடங்களில் ஒன்றை இழக்கும் நிலை வந்தபோது, எந்த மாகாணமும் தன் அப்போதைய எண்ணிக்கைக்குக் கீழே போகக்கூடாது என்று 2022-இல் சட்டமே செய்துவிட்டார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் 720 இடங்களில் ஜெர்மனிக்கு 96, மால்டாவுக்கு 6. மக்கள் கூடக்கூட இடங்களும் கூடும், ஆனால் கூடும் வேகம் குறைந்துகொண்டே போகும் என்ற விதியை, அதாவது இறங்குமுக விகிதாசாரத்தை, அது பின்பற்றுகிறது. அமெரிக்காவில் 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபை மக்கள்தொகையைப் பின்பற்றினாலும், செனட் சபையில் நான்கு கோடியை நெருங்கும் கலிபோர்னியாவுக்கும் ஆறு லட்சத்துக்கும் குறைவான வயோமிங்குக்கும் ஆளுக்கு இரண்டே இடங்கள்.

இறங்குமுக விகிதாசாரம் இந்தியாவுக்குப் புதிதும் அன்று. மாநிலங்களவையின் இடங்கள் பங்கிடப்பட்டபோது, முதல் ஐம்பது லட்சம் மக்களுக்குப் பத்து லட்சத்துக்கு ஓர் இடமும், அதற்கு மேல் இருபது லட்சத்துக்கு ஓர் இடமும் என்ற முறையே கையாளப்பட்டது. அதனால் உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18. ஆனால் அந்த அவை மாநிலங்களின் காவலாக நிற்கும் அளவுக்கு வலுவானதாக அமையவில்லை. வரியையும் செலவையும் பற்றிய பண மசோதாவில் அதற்கு மறுக்கும் அதிகாரம் இல்லை. இரு அவைகளும் சாதாரண மசோதா ஒன்றில் முரண்பட்டால் 108-ஆவது பிரிவின்படி கூடும் கூட்டுக் கூட்டத்தில் மக்களவையின் எண்ணிக்கையே மேலோங்கும். ஒரு மாநிலத்தின் உறுப்பினர் அந்த மாநிலத்தில் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் 2003-இல் நீக்கிவிட்டார்கள். 2006-இல் குல்தீப் நய்யார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. மாநிலங்களின் சபை என்று பெயர்பெற்ற அவை உண்மையில் அப்படி இயங்கியிருந்தால், மக்களவை இடங்களைப் பற்றி இவ்வளவு அச்சம் எழுந்திராது.

ஆகவே செய்ய வேண்டியவற்றில் வரிசை முக்கியம். அதிகாரப் பங்கீட்டைப் பேசி முடித்த பிறகே தலைகளை எண்ண வேண்டும். கனிமமும் வரியும் கல்வியும் எந்த அளவுக்கு மாநிலங்களிடம் திரும்பும், பண மசோதாவில் மாநிலங்களவைக்கு என்ன உரிமை, அந்த அவையில் மாநிலங்களின் பங்கு எவ்வளவு சமமாகும் என்பவை தீர்ந்தால், மக்களவையில் பாட்னா வாக்காளரின் நியாயமான குறையைத் தீர்க்கத் தமிழ்நாடு தாராளமாக முன்வரலாம். அவை தீராதவரை இன்றைய சதவீதப் பங்கைத் தொடாமல் வைப்பதே ஒன்றியத்துக்கு நல்லது. இதற்கிடையில் மாநிலத்துக்குள் நடக்க வேண்டிய எல்லை மாற்றத்தைத் தமிழ்நாடு தடுக்கக்கூடாது. 2021 சட்டமன்றத் தேர்தலில் சோழிங்கநல்லூரில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் ஓர் உறுப்பினரையும், சென்னைத் துறைமுகம் தொகுதியில் இரண்டு லட்சத்துக்கும் குறைந்தவர்கள் ஓர் உறுப்பினரையும் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே சட்டமன்றத்துக்குள் இப்படிப்பட்ட ஏற்றத்தாழ்வைக் காக்கக் கூட்டாட்சி வாதம் எதுவும் உதவாது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் 106-ஆவது திருத்தத்தை 2023-இல் நிறைவேற்றியபோது, அதன் நடைமுறையையும் மறுவரையறைக்குப் பின் என்று கட்டிப்போட்டது பெண்களுக்கும் மாநிலங்களுக்கும் ஒருசேர இழைக்கப்பட்ட அநீதி. ஒன்றின் நியாயத்தை மற்றதன் வழக்குக்குப் பணயமாக வைக்க எந்தக் காரணமும் இருக்கவில்லை.

காலம் தமிழ்நாட்டின் பக்கம் இல்லை. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு கணக்கெடுப்பு நடக்கும் என்று 2025 ஜூனில் அறிவிக்கை வெளியானது; 2026-க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு அதுவே ஆகிறது. அரசமைப்புச் சட்டம் திருத்தப்படாவிட்டால், கணக்கெடுப்பின் முடிவுகள் வெளியானதும் தடை தானாக விலகிவிடும். மாநிலங்களின் பங்கு மாற அரசமைப்புத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை, நாடாளுமன்றத்தின் சாதாரணச் சட்டமே போதும். பங்கை நிலைநிறுத்தவே திருத்தம் தேவை. 368-ஆவது பிரிவு நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினரின் ஆதரவைக் கேட்பதோடு, நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் பிரதிநிதித்துவத்தை மாற்றும் திருத்தத்துக்கு மாநிலச் சட்டமன்றங்களில் பாதியேனும் ஒப்புதல் தர வேண்டும் என்றும் விதிக்கிறது. இன்றைய 28 மாநிலங்களில் பாதி 14. தென்மாநிலங்கள் ஐந்துதான். 2025 மார்ச் 22 அன்று சென்னையில் கூடிய, நியாயமான தொகுதி மறுவரையறைக்கான கூட்டு நடவடிக்கைக் குழுவில் பஞ்சாப் முதலமைச்சரும் வந்து அமர்ந்தது இதனால் முக்கியம். ஒடிசாவையும் மேற்கு வங்கத்தையும் இமாசலத்தையும் வடகிழக்கின் சிறு மாநிலங்களையும் சேர்த்தால்தான் பதினான்கை எட்ட முடியும். குடும்பக் கட்டுப்பாட்டின் பெருமையைச் சொல்லி அந்தச் சட்டமன்றங்களின் ஆதரவைப் பெற முடியாது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியைப் போலவே ஒடிசாவின் இரும்புக்கனிமத்துக்கும் ஜார்க்கண்டின் நிலக்கரிக்கும் உரிமத்தொகை டெல்லியில்தான் நிர்ணயிக்கப்படுகிறது என்ற இடத்திலிருந்து பேச்சைத் தொடங்கினால், புவனேஸ்வரிலும் ராஞ்சியிலும் அதைக் கேட்பதற்கு ஆள் இருப்பார்கள்.